பதினாறு வயதின் லைசென்ஸ்

உங்களிடம் இருக்கும் வாகனமோட்டும் லைசென்சைச் சற்று எடுத்துப் பாருங்கள். இப்போதெல்லாம் அதைக் கைத்தொலைபேசியிலேயே காட்டிவிடலாம். எதில் இருந்தாலும் சரி, ‘வகுப்பு’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கவனியுங்கள். நம்மில் மிகப் பலரிடம் ‘பி2’ என்றிருக்கும். வேறு பலரிடம் அதனோடு ‘டி’யும் சேர்ந்திருக்கும். லாரியோ பஸ்ஸோ ஓட்டுகிறவராக இருந்தால் இன்னும் ஓர் எழுத்து கூடும்.

ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தானே என்று நாம் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் மலாக்காத் தோட்டங்களில் வளர்ந்த மூன்று தலைமுறையினர் எதில் ஏறிப் பள்ளிக்கும் வேலைக்கும் போனார்கள் என்பதை முடிவு செய்ததில் அந்தப் ‘பி2’வுக்குப் பெரும் பங்குண்டு. ஓட்டுநருக்குக் கொடுக்கும் அனுமதியைக் கொண்டே மக்களைச் சிறிய வாகனத்தின் பக்கம் திருப்ப முடியுமா? முடியும் என்று சில நாடுகள் நினைத்தன, சட்டமும் செய்தன. நம் நாட்டில் அது பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை. அந்தக் கதையையே இன்று காண்போம்.

முதலில் தோட்டத்திலிருந்து தொடங்குவோம். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிபத்துக்கென்று அமைந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். பின்னர் புக்கிட் அசஹானில் அவர் அதைப் பெருக்கினார். உலகத்தில் மோட்டார் வண்டி பெருகப் பெருக, அதன் டயருக்கு வேண்டிய ரப்பர் நம் பக்கத்து மரங்களிலிருந்தும் போயிற்று. அந்தப் பாலை வெட்டிய கைகளுக்கு உரியவர்கள் மட்டும் நெடுங்காலம் கால்நடையாகவே நடந்தார்கள். பிறகு சைக்கிள் வந்தது. ஜாசின், மெர்லிமாவ், தெபோங், காடெக், கெமுனிங் என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான்: கார் என்றால் அது துரையுடையது; மோட்டார் சைக்கிள் என்றால் கிராணியுடையது அல்லது டிரெஸ்ஸருடையது. அதுவும் பிரிட்டனில் செய்த கனத்த இரும்பு. உதைத்துக் கிளப்புவதற்கே உடம்பில் தெம்பு வேண்டும்.

தோட்டத்து லாரி டிரைவருக்கு இருந்த மதிப்பை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவரிடம் லைசென்ஸ் இருந்தது. லயத்தில் கல்யாணமென்றாலும், நள்ளிரவில் பிரசவ வலி என்றாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் இல்லாத ஒருவர் அரசாங்கத்தின் முத்திரை பெற்ற ஒரு தாளை வைத்திருக்கிறார் என்பது அந்நாளில் சிறிய செய்தியன்று.

அந்தத் தாளைக் கொடுத்த அலுவலகம், போருக்குப் பின் 1946இல் மோட்டார் வாகனப் பதிவாளர், பரிசோதகர் இலாகா என்ற பெயரில் அமைந்தது. இன்று அதைச் சாலைப் போக்குவரத்து இலாகா என்கிறோம். சுதந்திரத்துக்கு மறு ஆண்டு, 1958இல், சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஒன்று வந்தது. அதன் இடத்தில் 1987ஆம் ஆண்டின் சட்டம் வந்து இன்றும் நடப்பில் உள்ளது. இந்தச் சட்டம் வயதைப் படிப்படியாக வைத்திருக்கிறது. 16 வயது நிறைந்தால் மோட்டார் சைக்கிள். 17 நிறைந்தால் கார். லாரி, பஸ் போன்றவற்றுக்கு 21. மோட்டார் சைக்கிளுக்குள்ளேயே மறுபடியும் மூன்று படிகள்: 250 சி.சி.க்கு மேற்படாதது பி2, 500 சி.சி.க்கு மேற்படாதது பி1. அதற்கும் மேல் போனால் வெறும் பி. பெரிய இயந்திரத்தை ஓட்ட வேண்டுமென்றால் பி2 போதாது. மேல் வகுப்புக்குத் தனியே தேர்ச்சி பெறவேண்டும்.

கவனியுங்கள், இங்கேதான் சட்டம் தன் வேலையைச் செய்கிறது. ‘சிறிய மோட்டார் வாங்கு’ என்று அது யாருக்கும் புத்தி சொல்லவில்லை. சிறியதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தது. பெரியதற்கு இன்னொரு வாசலை, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் உயரத்தில் வைத்தது. அவ்வளவே. முதல் வாசலில் நுழைந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வாசலைத் தேடிப் போகவே இல்லை. தோட்டத்து மண்சாலைக்கும் பட்டணத்துக்குப் போய்வரும் பத்துப் பன்னிரண்டு மைலுக்கும் 250 சி.சி. எதற்கு? அதில் பாதியே மிகுதி.

அதற்கேற்ற வண்டியும் அதே காலத்தில் வந்து சேர்ந்தது. 1958ஆம் ஆண்டை மறுபடியும் நினைவில் கொள்ளுங்கள். அவ்வாண்டு ஜப்பானில் ஹோண்டா கம்பெனி ‘சூப்பர் கப்’ என்னும் 50 சி.சி. வண்டியை வெளியிட்டது. அவ்வாண்டே பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஜப்பானுக்குப் போய் அக்கம்பெனியின் விநியோக உரிமையைப் பெற்று வந்தார். கிளட்சைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை. காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியதில்லை. சேற்றைத் தடுக்க முன்னால் ஒரு கவசம். சேலை கட்டிய பெண்ணும் பின்னால் அமரலாம், பழகினால் தானே ஓட்டவும் செய்யலாம். ‘கப்’ என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் ஒட்டிக்கொண்டு ‘கப்சாய்’ ஆயிற்று என்பர். இன்று எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் நமக்கு அது கப்சாய்தான். 1990களில் கெடா மாநிலம் குருணில் தொழிற்சாலை அமைத்து நம் நாடே செய்து விற்ற மோடெனாஸ் கிரிஸ்ஸும் அந்தக் குடும்பத்துப் பிள்ளையே; அதன் இயந்திரம் 110 சி.சி.

லைசென்சின் முதல் வகுப்பும் கப்சாயும் சேர்ந்து தோட்டத்து வாழ்க்கையை அசைத்துவிட்டன. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாட்களில், பாலை வெட்டிவிட்டு மாலையில் வேறு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. 1970களில் பத்து பெரெண்டாமில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்து மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது, ஷிப்டு வேலைக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டியிருந்தது. தோட்டத்து வாசலுக்கு வரும் பஸ்ஸை நம்பினால் இரண்டாவது ஷிப்டு முடிந்து வீடு திரும்ப வழியில்லை. பதினாறு வயதில் கிடைக்கும் அந்த லைசென்ஸ் அநேகக் குடும்பங்களுக்கு முதல் சம்பள உயர்வைப் போலவே இருந்தது.

ஆனால் இதற்கு நாம் கொடுத்த விலை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். 1973இல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார்கள். அது பல உயிர்களைக் காத்தது. எனினும் சிறிய இயந்திரம் என்பது சிறிய ஆபத்து ஆகிவிடாது. முன்னால் எண்ணெய்த் தொட்டியின் மேல் ஒரு குழந்தை, நடுவில் தந்தை, பின்னால் தாய், இருவருக்கும் இடையில் இன்னொரு குழந்தை என்று அலோர் காஜா சாலையில் மழைக்கு முன் விரையும் குடும்பத்தைப் பார்க்கும்போது, இவர்களுக்கு நான்கு சக்கரமும் ஒரு கூரையும் உள்ள வண்டி கிடைத்திருக்கக் கூடாதா என்றுதான் நமக்குத் தோன்றும்.

மோட்டாருக்கு மூன்று படி வைத்த நம் சட்டம் காருக்கு ஒரே படி வைத்தது. ‘டி’ என்றால் சரக்கேற்றாத எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத எந்தக் காரும். 2014இல் தானாகக் கியர் மாறும் காருக்கு மட்டும் என்று ‘டிஏ’ என்னும் பிரிவு ஒன்று வந்தது. அதுவும் கியரைப் பற்றியதே, இயந்திரத்தின் அளவைப் பற்றியதன்று. ஆகவே 17 வயதில் தேறிய ஒருவர் அன்று மாலையே 660 சி.சி. காரையும் ஓட்டலாம், 3,000 சி.சி. காரையும் ஓட்டலாம். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

வேறு நாடுகளில் இப்படியில்லை. பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வைத்திருந்தவர்கள், ஏறத்தாழ 400 கிலோவுக்கு உட்பட்ட மூன்று சக்கரக் காரை அதே லைசென்சில் ஓட்டலாம் என்றிருந்தது. ரிலையன்ட் என்ற கம்பெனி இந்த விதியை நம்பியே பல்லாண்டு பிழைத்தது. அதன் ‘ராபின்’ 1973இல் வந்தது. கார் லைசென்சுக்குத் தேர்வு எழுதாத உழைப்பாளிகள் மழையில் நனையாமல் குடும்பத்தோடு போக அது உதவிற்று. 1960களின் தொடக்கம் வரை இன்னொரு நிபந்தனையும் இருந்தது: அத்தகைய வண்டிக்குப் பின்னோக்கிப் போகும் கியர் இருக்கக் கூடாது! அதற்காகவே அந்தக் கியரை நீக்கிய வண்டிகள் விற்பனைக்கு வந்தன. பிரைட்டன் நகரில் செய்யப்பட்ட மூன்று சக்கர ‘இசெட்டா’வுக்கு ஒரே கதவு, அது மூக்கிலே இருக்கும். சுவரை ஒட்டி முன்பக்கமாக நிறுத்திவிட்டவர் கதவையும் திறக்க முடியாமல், பின்னாலும் போக முடியாமல் உள்ளேயே தவித்தார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். சட்டத்தின் ஒரு வரி வண்டியின் உறுப்பையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆயினும் இதை முழுமூச்சாகச் செய்து பார்த்த நாடு ஜப்பான். போரில் சிதைந்து கிடந்த நாடு. பெட்ரோல் இல்லை, இரும்பு இல்லை, சாலை குறுகல். 1949இல் ‘கெய்’, அதாவது இலகு வாகனம், என்றொரு வகையைச் சட்டத்தில் எழுதினார்கள். முதலில் அதன் இயந்திரம் 150 சி.சி. மட்டுமே. அதில் காரா செய்ய முடியும்? வரம்பைக் கூட்டினார்கள், 1950களின் நடுவில் 360 சி.சி. ஆயிற்று. 1955இல் சுசுகியின் ‘சுசுலைட்’, 1958இல் ‘சுபாரு 360’ என்று வண்டிகள் வந்தன. குறைந்த வரி ஒரு பக்கம். மறுபக்கம், நம் தலைப்புக்கு உரிய விஷயம்: இந்த வண்டிக்கென்று தனி லைசென்ஸ். சாதாரணக் காருக்கு 18 வயது வேண்டும். இதற்கு 16 போதும். நம் பி2 வைத்திருக்கும் தோட்டத்துப் பையனின் வயதுதான். அவனுக்கு இரண்டு சக்கரம் கிடைத்த வயதில் ஜப்பானியப் பையனுக்கு நான்கு சக்கரமும் ஒரு கூரையும் கிடைத்தன.

1968 செப்டம்பரில் ஜப்பான் அந்தத் தனி லைசென்சை நிறுத்திவிட்டது. சாலையில் வண்டிகள் பெருகிவிட்டன. சிறிய கார் என்பதற்காகச் சிறிய தேர்ச்சி போதாது என்ற எண்ணம் வலுத்தது. பழைய லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் 360 சி.சி. வண்டியை மட்டும் ஓட்டலாம் என்ற குறிப்போடு தொடர்ந்தார்கள். பின்னர் 1976இல் வரம்பு 550 ஆகவும், 1990இல் 660 ஆகவும் உயர்ந்தபோது, அந்தப் பழைய கைகளுக்குப் புதிய சிறு காரை ஓட்டும் உரிமை இல்லாமற் போயிற்று! லைசென்ஸ் போனதும், 1973இல் கட்டாயப் பரிசோதனை வந்ததும், 1970களின் முற்பகுதியில் இந்தக் கார்களின் விற்பனை வெகுவாகச் சரிந்தது. பிறகு வரம்பு உயர்ந்து, வரிச் சலுகையின் துணையோடு மீண்டும் தலையெடுத்தது.

இதெல்லாம் ஜப்பானியர் கதை, மலாக்காவுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். நிறையவே வந்தது. 1985இல் புரோட்டோன் சாகா வந்தபோது நம்மவர்களில் ஆசிரியரும் குமாஸ்தாவும் அதை வாங்கினார்கள். பால் வெட்டுபவர் வாங்கவில்லை. 1993இல் பெரோடுவா நிறுவனம் அமைந்து, மறு ஆண்டு ‘கஞ்சில்’ என்ற காரை வெளியிட்டது. அது ஜப்பானின் டைஹாட்சு மீராவைத் தழுவியது. அதன் இயந்திரம் 660 சி.சி. ஏன் 700 இல்லை, ஏன் 600 இல்லை? ஜப்பானியச் சட்டம் 1990இல் வைத்த வரம்பு 660 என்பதால்தான். அந்த வரம்பு நம் நாட்டில் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. இருந்தும் தோக்கியோவில் எழுதிய எண், கப்பலேறி வந்து நம் லயத்து வாசலில் நின்றது. 16 வயது லைசென்ஸ் கொடுத்து ஜப்பான் வளர்த்த ஒரு வகைக் காரின் பேரப்பிள்ளை அது.

பெயரையும் பாருங்கள். கஞ்சில் என்றால் சருகுமான். பரமேஸ்வரா ஒரு மரத்தடியில் ஓய்ந்திருந்தபோது, வெள்ளைச் சருகுமான் ஒன்று அவருடைய வேட்டை நாயை உதைத்துத் தள்ளியதாம். சிறிய உயிருக்கும் இவ்வளவு துணிவா என்று வியந்து அங்கேயே நகரமைத்து, அந்த மரத்தின் பெயரையே வைத்தாராம். மலாக்கா மாநிலச் சின்னத்தில் அந்த மரமும் அதன் இருபுறமும் இரண்டு சருகுமான்களும் இன்றும் இருக்கின்றன. காருக்குப் பெயர் வைத்தவர்கள் மலாக்காவை நினைத்தார்களோ இல்லையோ, ஜாசின் பக்கத்தில் பழைய கஞ்சில் ஒன்று ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது நமக்கு அந்தக் கதை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 2009இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. சாலையில் இன்னும் நிற்கவில்லை.

லைசென்ஸ் செய்யாததை நம் நாட்டில் சாலை வரி செய்தது. தீபகற்பத்தில் சொந்தக் காருக்கு 1,000 சி.சி. வரை ஆண்டுக்கு 20 வெள்ளி. 1,200 வரை 55. 1,400 வரை 70. 1,600 வரை 90. அதற்குமேல் ஏற்றம் செங்குத்து: 2,000 சி.சி.க்கு 380 வெள்ளி, 3,000 சி.சி.க்கு 2,130 வெள்ளி. மூன்று மடங்கு இயந்திரத்துக்கு நூறு மடங்குக்கு மேல் வரி! 2014இல் வந்த பெரோடுவா அக்சியாவின் இயந்திரம் 998 சி.சி. என்பதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. ஆயிரத்தைத் தாண்டிவிடாமல் வாசற்படியின் இப்புறத்திலேயே நின்று கொள்கிறது. மின்சாரக் கார்களுக்கு சி.சி. என்பதே இல்லையாதலால், அவற்றுக்கு 2026 முதல் கிலோவாட் கணக்கில் வரி என்று வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு சான்று சொல்லலாம். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை 16 வயதில் ஓட்டலாம் என்கிறது, மற்றவற்றுக்கு 18. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 போன்ற சிறு வண்டிகள் தெருவெங்கும் ஓடிய காலத்தில் அந்த விதிக்குப் பொருளிருந்தது. பின்னர் கம்பெனிகள் பெரிய இயந்திரங்களுக்குப் போய்விட்டன. டிவிஎஸ் குடும்பத்து எக்ஸ்எல்கூட 100 சி.சி.யைத் தொட்டுவிட்டது. பெட்ரோலில் ஓடும் 50 சி.சி. வண்டி கடையில் அநேகமாக இல்லை. பதினாறு வயதுக்குரிய லைசென்ஸ் சட்டத்தில் இருக்கிறது, அதற்குரிய வண்டி இல்லை. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அந்த லைசென்சை வைத்துக்கொண்டு அப்பாவின் 110 சி.சி. ஸ்கூட்டரை எடுக்கிறார்கள்.

அண்மைக் காலத்தில் சில நாடுகள் இதே கருவியை வேறு நோக்கத்தோடு கையிலெடுத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் 2005இலும் விக்டோரியா 2007இலும் புதிதாக லைசென்ஸ் பெற்றவர்கள் மிகு விசைக் கார்களை ஓட்டக் கூடாதென்று விதித்தன. இத்தாலியில் 2011 முதல் அத்தகைய கட்டுப்பாடு உண்டு. இயந்திரத்தின் கொள்ளளவை விட்டு, காரின் எடைக்கு எத்தனை கிலோவாட் விசை என்று கணக்கிடுகிறார்கள். 2024இன் இறுதியில் அந்த விசை வரம்பைத் தளர்த்தி, கட்டுப்பாட்டுக் காலத்தை ஓராண்டிலிருந்து மூன்றாண்டாக நீட்டினார்கள். பெட்ரோலை மிச்சப்படுத்துவதைவிட இளைஞரின் உயிரை மிச்சப்படுத்துவதே இவற்றின் நோக்கம்.

நம் நாட்டில் சிறு காருக்கென்று எளிய லைசென்ஸ் ஒன்று இருந்திருந்தால் எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் இரண்டு சக்கரத்திலிருந்து இறங்கியிருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. நமக்கு அதில் பாதி உடன்பாடுதான். கஞ்சிலும் பெரிய காரும் அதே ஆயர் குரோ நெடுஞ்சாலையில்தான் போகின்றன. லாரியை முந்தும்போது சிறிய காரை ஓட்டுபவருக்குக் குறைந்த பயிற்சி போதும் என்று சொல்லிவிட முடியாது. ஜப்பான் 1968இல் கண்டதும் இதுவே. தேர்வை எளிதாக்குவது கூடாது. எளிதாக வேண்டியது செலவு. பி2 எடுத்தவர் ‘டி’க்குப் போகாமல் நின்றுவிடுவதற்கு, பழைய கஞ்சிலின் விலையைவிடப் பயிற்சிப் பள்ளியில் கட்ட வேண்டிய தொகையே பல வீடுகளில் காரணமாக இருந்திருக்கிறது. வகுப்பு, சட்டத் தேர்வு, ஓட்டுப் பயிற்சி, தேறாவிட்டால் மறுபடியும் கட்டணம். ஒரு மாதச் சம்பளம் கரைந்துவிடும். சிலர் குறுக்கு வழியில் ‘கோப்பி-ஓ லைசென்ஸ்’ தேடிப் போன கதையும் நாடறிந்ததே.

பி2வுக்கே இந்தத் தடை உண்டென்பதுதான் கூடுதல் வருத்தம். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியாகி, பட்டணத்து ஓரங்களில் குடியேறிய குடும்பங்களில் லைசென்ஸ் இல்லாமலே கப்சாய் ஓட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓட்டத் தெரியாமலில்லை, பன்னிரண்டு வயதிலேயே செம்பனைக் காட்டுப் பாதையில் பழகியவர்கள். முச்சந்தியில் யார் முதலில் போக வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதை உணர்ந்துதான் குறைந்த வருமானக் குடும்பத்து இளைஞர்கள் பி2 லைசென்ஸ் பெற உதவும் ‘மைலெசென்’ என்னும் திட்டத்தை அரசாங்கம் அண்மை ஆண்டுகளில் நடத்தி வருகிறது. இடங்களுக்கு வரம்புண்டு, அறிவிப்பு வந்ததும் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ 16 வயது நிறைந்த பிள்ளை இருந்தால், அடுத்த சேர்க்கை எப்போது என்று சாலைப் போக்குவரத்து இலாகாவிலோ உங்கள் தொகுதி அலுவலகத்திலோ விசாரித்து வையுங்கள். அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.